மடியில் குழந்தை, வழியில் பயம்

2024 ஏப்ரலில் திருப்பூரைச் சேர்ந்த ஒரு குடும்பம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. வெள்ளகோவிலை அடுத்த ஓலப்பாளையம் அருகே அந்தக் காரும், திருப்பூரிலிருந்து திருச்சிக்குப் போன அரசுப் பேருந்தும் மோதிக்கொண்டன. ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். மணிவிழா கண்ட தம்பதியும், மூன்று மாதக் கைக்குழந்தையான அவர்களுடைய பேத்தியும் அதில் அடக்கம். வீட்டுக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான் பாக்கி இருந்தது.

பேருந்தோடு மோதும் காரில் எந்த இருக்கை யாரைக் காப்பாற்றியிருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தின் துக்கத்தின் மேல் நின்று பாடம் நடத்துவது என் நோக்கமல்ல. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் என் கண் எதிரே வரும் கார்களின் முன்கண்ணாடிக்குள் போய்விடுகிறது. கோவையிலிருந்து பல்லடம், காங்கயம், வெள்ளகோவில், கரூர் வழியாகப் போகும் 81ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. முகூர்த்த நாளில் அரை மணி நேரம் ரோட்டோரம் நின்று பார்த்தால் போதும். முன் இருக்கையில் அம்மாவின் மடியில் கைக்குழந்தை இருக்கும். இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால், ஒரு நான்கு வயதுப் பையன் நின்றுகொண்டு வருவான். பின்னால் நான்கு பேர், அவர்கள் மேல் இரண்டு பிள்ளைகள். ஓட்டுபவர் மட்டும் பெல்ட் போட்டிருப்பார். அதுவும் போலீசுக்காக.

ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், காரில் ஏறி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவர் மடியில் பேரன். ஒரு வயது இருக்கும்.

"குழந்தைக்குத் தனியா சீட் இல்லீங்களா அம்மா?"

"எதுக்குங்க? என்ற மடியிலதான இருக்குது. நா உட்டுருவனுங்களா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. விடமாட்டேன் என்று அவர் முழு மனதோடு நம்புகிறார். நம் ஊரில் குழந்தைக்கு மடியைவிடப் பத்திரமான இடம் கிடையாது. பால் குடிப்பது மடியில். காதுகுத்துவது தாய்மாமன் மடியில். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் கிடப்பதும் மடியில். அப்படிப்பட்ட மடி, ஓடும் காருக்குள் மட்டும் குழந்தைக்கு ஆபத்தான இடமாகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பவைக்கக் கணக்குதான் வேண்டும்.

எட்டு மாதக் குழந்தை ஏறக்குறைய எட்டுக் கிலோ இருக்கும். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிலோ மோதி, ஒரு விநாடியில் பதினான்கில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. இது விபத்துகளில் சாதாரணமாக நடப்பதுதான். கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த, அதன் எடையைப்போல் 20 மடங்கு விசை வேண்டும். அதாவது 160 கிலோவைத் தாங்கும் பிடி. வெள்ளகோவிலில் ஓ.இ. நூல் மில்லில் வேலை செய்பவர்களுக்கு இந்த எடை பழக்கமானதுதான். ஒரு பஞ்சு பேல் 170 கிலோ. அதை எந்தப் பாட்டியாலும், எந்தத் தகப்பனாலும் இரண்டு கையால் பிடித்து நிறுத்த முடியாது. அதுவும் கண் இமைப்பதற்குள், எதிர்பாராத நேரத்தில். உயரத்தில் சொல்வதானால், 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும் மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து விழுவதும் ஒன்று. மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்காரவைக்க எவருக்கும் மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. மடியில் வைத்திருப்பவர் தாமே பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய 60 கிலோ உடம்பும் அதே வேகத்தில் முன்னால் பாயும். டேஷ்போர்டுக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழந்தை. பெல்ட்டைத் தனக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டாலும் முடிவு அதேதான். பெல்ட்டுக்கும் பெரியவர் உடம்புக்கும் இடையில் குழந்தை நசுங்கும்.

இந்தப் பாடத்தை மற்றவர்களும் தடுமாறித்தான் கற்றார்கள். அமெரிக்காவில் குழந்தை இருக்கையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தைகள் நல மருத்துவர் விடாமல் அலைந்து திரிந்து, சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி, 1977இல் அதை நிறைவேறவைத்தார். 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டத்துக்குள் ஓர் ஓட்டை போட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை. தாயின் கையைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது என்று அங்கேயும் கேட்டார்கள். மண்டபத்து வாசலில் அந்த அம்மா கேட்ட அதே கேள்வி. அந்தத் திருத்தத்துக்குச் சாண்டர்ஸ் தரப்பினர் வைத்த பெயர் 'குழந்தையை நசுக்கும் திருத்தம்'. கையில் இருந்த குழந்தைகள் இறந்ததைக் காட்டிக் காட்டி வாதாடி, 1981இல் அதை நீக்கவைத்தார்கள். 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இப்படியொரு சட்டம் வந்துவிட்டது. இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் காரில் போகும் கைக்குழந்தையின் உயிரிழப்பு வாய்ப்பு 71 சதவீதமும், சற்று வளர்ந்த சிறு குழந்தையின் வாய்ப்பு 54 சதவீதமும் குறைகிறது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

இருக்கையின் வடிவம் ஸ்வீடனில் பிறந்தது. பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது மல்லாந்த நிலையில் முதுகு முழுக்க இருக்கையில் பதியப் படுத்திருப்பதைப் பார்த்தார். விசையை முதுகு முழுவதும் பரப்பித் தாங்கும் ஏற்பாடு அது. அதையே குழந்தைக்குச் செய்தால் என்ன என்று யோசித்து, பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையின் முதல் மாதிரியை 1964இல் செய்தார். கார் முன்னால் போகிறது, குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. மோதலின்போது குழந்தை தன் இருக்கைக்குள்ளேயே அழுந்தும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே சமயத்தில் தாங்கப்படும்.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி, "தலை நின்னுருச்சுங்களா?" தலை நிற்காத குழந்தையைத் தூக்கும்போது உள்ளங்கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்குவோம். கொடுக்காமல் தூக்கிய சின்னப் பெண்ணைப் பாட்டி அதட்டுவாள். குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு இருக்கும். பெரியவர்களுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். அத்தனை கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் பிறந்து சில ஆண்டுகள்வரை முழுதாக எலும்பாகக் கூடுவதில்லை, பாதி குருத்தெலும்பு. தொட்டிலிலிருந்து தூக்கும்போது கொடுக்கும் அந்த உள்ளங்கையைத்தான் பின்பக்கம் பார்த்த இருக்கை, 20 மடங்கு விசைக்கு எதிராகக் கொடுக்கிறது. குறைந்தது 15 மாதம்வரை குழந்தை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் புதிய விதி. அதற்கு மேலும் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு நல்லது. பிறகு, தோள், இடுப்பு, கால் இடை என ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் உள்ள, முன்பக்கம் பார்த்த இருக்கை. ஏறக்குறைய 18 கிலோ ஆன பிறகு, பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்துக் காரின் பெல்ட்டையே போட உதவும் பூஸ்டர் இருக்கை.

இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் படித்தவர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் காரின் பெல்ட்டை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெல்ட் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தது. சிறு பிள்ளைக்கு மேல்வார் கழுத்தை அறுக்கும். உறுத்துகிறதென்று பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். கீழ்வார் இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றுக்கு ஏறும். மோதலில் அது குடலையும் கல்லீரலையும் கிழிக்கும். பிள்ளையின் முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, முட்டி சீட் விளிம்பில் மடங்க, மேல்வார் தோள்பட்டையின் நடுவிலும் கீழ்வார் தொடையின் மேற்பகுதியிலும் படிந்தால்தான் அந்தப் பெல்ட் அந்தப் பிள்ளைக்கு உரியது. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குத் தனி இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம் என்று வைத்திருப்பது இதனால்தான். வயதைவிட உயரம் நேர்மையான அளவுகோல்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்ற புதிய பிரிவு சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்வது இது: 14 வயது நிறையாத பிள்ளையைப் பாதுகாப்புப் பெல்ட்டாலோ, குழந்தை காப்பு அமைப்பாலோ பிணைக்காமல் வாகனத்தை ஓட்டுபவருக்கும், அப்படி ஓட்டவைப்பவருக்கும், ஓட்ட அனுமதிப்பவருக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம். பொறுப்பு ஓட்டுநரோடு நிற்கவில்லை. இந்த மட்டுக்கும் நல்ல சட்டம்.

ஆனால் 'பெல்ட்டாலோ, காப்பு அமைப்பாலோ' என்ற அந்த 'ஓ'வில்தான் எல்லாம் வழுக்கிப் போகிறது. எந்த உயரத்துக்கு எது, எந்த எடைக்கு எது, எந்தப் பக்கம் பார்த்து என்று சட்டப்பிரிவில் இல்லை. மூன்று மாதக் குழந்தைக்கும் 13 வயதுப் பையனுக்கும் ஒரே வரி. மூன்று மாதக் குழந்தைக்குக் காரின் பெல்ட்டைப் போடவே முடியாது. ஆகவே இருக்கை ஒன்றுதான் வழி என்று நாமாகப் பொருள் கொள்ள வேண்டும். குழந்தை இருக்கை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு ஏஐஎஸ்-072 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவின் ஆர்44 விதியை ஒட்டி, எடைப் பிரிவுகளோடு எழுதப்பட்டது. அதாவது, செய்பவருக்குத் தெளிவான விதி இருக்கிறது, பெற்றவர்களுக்கு இல்லை. அந்தப் பிரிவுகளில் பாதியையாவது சட்டத்தின் விதிகளுக்குள் கொண்டுவந்து, தமிழில் அச்சடித்து, குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

சட்டம் எவ்வளவு தனிமையில் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பக்கத்து மாநிலத்தில் பார்த்தோம். 2024 செப்டம்பர் கடைசியில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு கார் டேங்கர் லாரியோடு மோதியது. முன் இருக்கையில் அம்மாவின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. உயிரைப் பறித்தது, காப்பாற்றுவதற்காக விரிந்த ஏர்பேக். ஏர்பேக் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் வெடித்து விரியும். பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மார்பைக் கணக்கில் வைத்து அமைத்தது அது. மடியில் இருக்கும் குழந்தையின் முகம் அதற்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. இதனால்தான் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை, ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. குழந்தைகளின் இடம் பின் சீட். 2022 தொடக்கத்திலிருந்து விற்கப்படும் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆக, கார் புதிதாகப் புதிதாக முன் சீட்டு மடி இன்னும் ஆபத்தாகிறது.

அந்தச் சாவுக்குப் பிறகு, அக்டோபரில், கேரளப் போக்குவரத்து ஆணையர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நான்கு வயதுவரை பின் சீட்டில் குழந்தை இருக்கை, அதற்கு மேல் 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குப் பூஸ்டர். அக்டோபர் முழுக்க விழிப்புணர்வு, நவம்பரில் எச்சரிக்கை, டிசம்பரிலிருந்து அபராதம். தெளிவான, படிப்படியான திட்டம். சில நாட்களுக்குள் போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ்குமார், அபராதம் விதிக்கப்போவதில்லை, விழிப்புணர்வு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். நாடாளுமன்றம் நிறைவேற்றி ஐந்து ஆண்டுகள் ஆன சட்டம் அது, ஆணையர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மக்கள் மேல் திடீரென்று செலவை ஏற்றக் கூடாது என்ற அமைச்சரின் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அபராதத்தைத் தள்ளிவைப்பது வேறு, இருக்கையே வேண்டியதில்லை என்று வீடுகள் புரிந்துகொள்ளும்படி பேசுவது வேறு. மலேசியாவும் 2020 ஜனவரி 1இல் இருக்கையைக் கட்டாயமாக்கியபோது மக்களுக்கு அவகாசம் கொடுத்தது. ஆனால் கட்டாயம் என்ற சொல்லைப் பின்வாங்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த விவாதமே நடக்கவில்லை. 2022இல் நம் மாநிலத்தில் நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு இந்தியா முழுவதும் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்ல, கூட வந்தவர்கள். சாலையில் இறந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 9,528 பேர். நாளொன்றுக்கு 26. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு.

கார் வாங்குகிறவர்கள் இப்போது நட்சத்திரம் கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. அதில் குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் 49 மதிப்பெண். ஆனால் அந்த மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது என்று ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவிலும் மூன்று வயதுக் குழந்தையின் அளவிலும் செய்த இரண்டு பொம்மைகளைக் குழந்தை இருக்கைகளில் கட்டி, பின் சீட்டில் வைத்து மோதவிடுகிறார்கள். இருக்கையில் கட்டப்பட்ட குழந்தைக்குத்தான் அந்த ஐந்து நட்சத்திரம். மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்தக் காரில் ஒரு நட்சத்திரமும் இல்லை. பதினைந்து லட்சம் கொடுத்துக் கார் வாங்கிய வீட்டில், சில ஆயிரத்தில் தொடங்கும் இருக்கைக்குப் பணம் இல்லை என்பது காரணமாக இருக்க முடியாது. பின் சீட்டில் முதுகுச் சாய்மானமும் உட்காரும் பலகையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். இப்போது வரும் பல கார்களில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். குழந்தை இருக்கையை மாட்டுவதற்காகவே வைத்த ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் அவை. என் சொந்தக்காரர் ஒருவர் ஆறு வருடமாக ஓட்டும் காரில் அவை இருப்பதை நான் காட்டித்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த இடுக்கில் கடலைத் தோலும் ஒரு வெள்ளிக் கொலுசுத் திருகும் கிடந்தன.

காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எங்கள் வெள்ளகோவிலைப் பற்றிப் பாதிதான் பேசியதாகும். இங்கே பெரும்பாலான பிள்ளைகளின் வாகனம் டிவிஎஸ் எக்ஸ்எல். விசைத்தறிக்குப் போகும் தகப்பன், பின்னால் அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்பது ஒன்று. ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இரு சக்கர வாகனத்தில் இடம் என்கிறது சட்டம். ஆகவே இந்தக் குடும்பம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே சட்டத்தை மீறித்தான் கிளம்புகிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக 2022 பிப்ரவரி 15இல் மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையான குழந்தைக்குத் தலைக்கவசம், ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் வார், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. முத்தூர் ரோட்டிலும் மூலனூர் ரோட்டிலும் அந்த வாரைக் கட்டிய ஒரே ஒரு வண்டியைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. துண்டால் குழந்தையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். தூங்கி விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அந்தத் துண்டில் தெரியும். பதைப்பு இருக்கிற இடத்தில் முறையான வாரைக் கொண்டுசேர்ப்பது ஒன்றும் பெரிய வேலையல்ல.

கார் வாங்க முடியாத வீட்டுக்கு என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது டவுன் பஸ். 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கனமான வண்டி, குறைந்த வேகம். இரு சக்கர வண்டியோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குப் பல மடங்கு பாதுகாப்பு. ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் கிராமத்துப் பஸ் வந்து நின்றால், பல குழந்தைகள் எக்ஸ்எல்லின் முன்பக்கத்திலிருந்து இறங்கிவிடுவார்கள். குழந்தைப் பாதுகாப்பு என்று தலைப்பிட்டு நடக்கும் கூட்டங்களில் பஸ் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

பள்ளி வாகனத்தின் கதை நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. 2024 ஜூலை 24 மாலை, வெள்ளகோவிலில் ஒரு தனியார் பள்ளி வேனின் ஓட்டுநர் பிள்ளைகளை வீட்டில் விடப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மாரடைப்பு. வலியைத் தாங்கிக்கொண்டு வேனை ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து இறந்துபோனார். உள்ளே இருபது பிள்ளைகள். ஒருவருக்கும் கீறல் இல்லை. அதே வேனில் உதவியாளராக இருந்தவர் அவர் மனைவி. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்த ஓட்டுநரின் மனிதநேயத்தைப் போற்றி அஞ்சலி செலுத்தினார், குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தார். அந்த மனிதரை வணங்குகிறேன். வணங்கிக்கொண்டே ஒன்றைக் கேட்கிறேன். இருபது உயிரும் ஒருவருடைய கடைசி விநாடி மனவுறுதியை மட்டும் நம்பி இருக்கலாமா? அவருக்கு அந்தச் சில விநாடிகள் கிடைக்காமல் போயிருந்தால், பிள்ளைகளைப் பிடித்துவைக்க அந்த இருக்கைகளில் என்ன இருந்திருக்கும்?

அதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2012 ஜூலை 25இல், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் விளைவாகத்தான் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் அந்த ஆண்டே வந்தன. பள்ளி திறப்பதற்கு முன்பு மே மாதத்தில் ஆயுதப்படை மைதானங்களில் வேன்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதும், வண்டிக்கு ஓர் உதவியாளர் இருப்பதும் இன்று நமக்குச் சாதாரணம். ஒரு சாவுக்குப் பிறகு ஒரு மாநிலமே பழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஆக, நம்மால் முடியாது என்று இல்லை. அந்த மே மாதச் சோதனைப் பட்டியலில் சிறு பிள்ளைகள் உட்காரும் வேனுக்குப் பெல்ட்டும் ஒரு வரியாகச் சேர்ந்தால் போதும்.

பெல்ட் என்பது என்ன? நெய்த நாடா. பாலியஸ்டர் நூல், நெருக்கமான பாவு, ஊடு. அகலம் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஒன்றரை டன் இழுவிசைவரை அறுந்துபோகாமல் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏர்பேக்கும் நெய்த துணிதான். குழந்தை இருக்கையின் வாரும், மேலுறையும், அதற்கு அடியிலிருக்கும் மெத்தென்ற துணியும் எல்லாமே நூலிலிருந்து வருபவை. இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடும் கைகள் உள்ள ஊர் இது. தொழில்நுட்ப ஜவுளிக்கென்று மத்திய அரசு 2020இல் 1,480 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்தையே தொடங்கியது. வாகனத்துக்கான துணிகளும் அதில் ஒரு பிரிவு. திருப்பூர் பனியன் ஆலைகள் உலகக் குழந்தைகளுக்குச் சட்டை அனுப்புகின்றன. நம் குழந்தையைக் காரில் கட்டும் வாரை நாமே நெய்து, சோதனைச் சாலையில் தரம் காட்டி, பாதி விலையில் கொடுக்க முடியுமா என்று இந்த வட்டாரத்து மில்காரர்கள் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் இதை ஆசைக்காகச் சொல்லவில்லை. விலை குறைந்தால்தான் இருக்கை சந்தைக் கடைக்கு வரும்.

கொங்கு வீடுகளில் இப்போது ஒரு புதுப் பழக்கம் உண்டு. மகளின் பிரசவத்துக்கு அம்மிச்சி விமானம் ஏறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய் வருகிறார். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வெளியே கொண்டுவரும்போதே கார் சீட் எங்கே என்று கேட்கிறார்கள். அம்மிச்சி ஆறு மாதம் அந்த இருக்கையில் பேத்தியைக் கட்டி, அவிழ்த்து, அழுதால் பாடிச் சமாதானப்படுத்திப் பழகிக்கொள்கிறார். குழந்தையும் பழகிக்கொள்கிறது. அதே அம்மிச்சி, அதே பேத்தி ஊருக்கு வந்து வீரக்குமாரசாமி கோயில் தேருக்குப் போகும்போது, "இங்க பக்கத்துலதானுங்க, சீட்டெல்லாம் எதுக்கு" என்று மடியில் வாங்கிக்கொள்கிறார். ஓலப்பாளையமும் பக்கத்தில்தான் இருக்கிறது.

தாய்மாமன்மார்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தங்கைக்குக் குழந்தை பிறந்தால் தொட்டில், வெள்ளி அரைஞாண், பட்டுத்துணி என்று சீர் எடுத்து வருகிறீர்கள். வரும் முறை, அந்தத் தட்டுகளோடு ஏஐஎஸ்-072 அல்லது ஆர்44 என்று முத்திரை பொறித்த ஒரு குழந்தை இருக்கையையும் கொண்டுவாருங்கள். பழைய இருக்கை வாங்காதீர்கள். ஒருமுறை விபத்தில் சிக்கியதா என்பது வெளியே தெரியாது. சீர் நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, பின் சீட்டில், பின்பக்கம் பார்த்து அதை மாட்டி, கையால் ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வீட்டுக்கு வரும் முதல் பயணம் அதில்தான் நடக்க வேண்டும்.